நாலாம் கேசட், இரண்டாம் பக்கம்

அன்பு மகளுக்கு,

உனக்கும் உன்னோடு அறையில் தங்கியிருக்கும் தோழிக்கும் இறைவன் நிம்மதியைத் தரட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதினோரு நாளாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன். உன் கம்பெனி உன்னை இரண்டு ஆண்டுகளுக்குக் கனடாவுக்கு அனுப்பப் பார்க்கிறது, மாதக் கடைசிக்குள் சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும், "அத்தா சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாய். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று ரிசீவரை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். அன்றிலிருந்து சோறு போடும்போதெல்லாம் உன் அம்மா, "என்ன, யோசன முடிஞ்சுதா, இல்ல இன்னும் மேட்டூர் தொறக்கலியா?" என்று கேட்கிறாள்.

இதற்கிடையில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் படித்தவர்தான். ஆண்டு மலருக்கு நம் ஊரின் முதல் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். "அது உங்க வீட்டுக்குத்தான சார் மொதல்ல வந்துச்சு?" என்றார். மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்து பார்த்தால் உனக்கு எழுத வேண்டியதும் மலருக்கு எழுத வேண்டியதும் ஒரே விஷயமாகத் தெரிகிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாக எழுதுகிறேன். முதல் பிரதி உனக்கு, அடுத்தது மலருக்கு. ஊரார் படிப்பார்கள் என்பது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இரண்டு முறை தைரியம் வராது.

முப்பத்திரண்டு ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையின் இடது ஓரத்தில் குறிப்புகளை எண் போட்டு எழுதாமல் எந்தப் பாடத்தையும் ஆரம்பித்ததில்லை. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

1. அந்த ஆட்டம் எங்கிருந்து நம் வீட்டுக்கு வந்தது.
2. அதில் நான் மாற்றிய வரியும் நீ சேர்த்த வரியும்.
3. உன் சின்னத்தாவின் குரல் இருந்த கேசட்டை நான் கைதவறி அழித்தது.
4. என் பயத்தால் உனக்கு நேர்ந்த நஷ்டம்.
5. இவற்றையெல்லாம் பார்க்கும்போது, நீ இப்போது போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றுவது.

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது என் பழக்கம். பேனாவால் எழுதிவிட்டேன், இந்தப் பக்கத்தை இனி மாற்றப் போவதில்லை.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது என் தம்பி, உன் சின்னத்தா, குவைத்திலிருந்து விடுப்பில் வந்தான். அப்போது நாம் எல்லோரும் ஒரே வீடு. விடுப்பில் வருகிறவர்கள் டேப்ரிகார்டரும் கம்பளிப் போர்வையும் தலைவலித் தைலமும் கொண்டுவருவது வழக்கம். அவன் எனக்கென்று ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, "அண்ணே, இத ஊருல நீங்க ஒருத்தர்தான் ஓட்டுவீங்க" என்றான். உள்ளே ஒரு விசைப்பலகை. அதற்குள்ளேயே கம்ப்யூட்டர் முழுவதும் அடக்கம். டிவியோடு இணைத்தால் நீலத்திரையில் எழுத்து வரும். அரபு நாட்டுக் கடையில் வாங்கியது என்பதால் ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்தும் இருந்தது. அதைப் பார்த்ததும் உன் அம்மா, "ஓதுற எழுத்தால்ல இருக்கு, கால் படுற எடத்துல வைக்கக் கூடாது" என்று பீரோ உச்சியில் ஏற்றிவிட்டாள். அது கடைக்காரனின் விலைப்பட்டியலிலும் இருக்கிற எழுத்துத்தான் என்று நான் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் நான் ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கி, முடிந்ததும் மறுபடி ஏற்றி வைத்தேன். நீ ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாய்.

பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. அதில் இருந்தவை எல்லாம் நாமே வரிவரியாகத் தட்டிச் செலுத்த வேண்டிய ஆட்டங்கள். ஒரே ஓர் ஆட்டம்தான் எனக்குப் புரிந்தது. அதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, எழுத்து மட்டும்தான். நீ ஒரு பழங்காலத்து அரசன். உன் ஊரில் நூறு பேர், ஆயிரம் ஏக்கர், இரண்டாயிரத்து எண்ணூறு மூட்டை தானியம். ஒவ்வோர் ஆண்டும் நிலம் வாங்குகிறாயா விற்கிறாயா, ஜனங்களுக்குச் சாப்பிட எவ்வளவு கொடுக்கிறாய், விதைக்க எவ்வளவு ஒதுக்குகிறாய் என்று கேட்கும். நீ சொன்னதும், விளைந்தது இவ்வளவு, எலி தின்றது இவ்வளவு, பட்டினியால் இறந்தவர்கள் இத்தனை பேர் என்று கணக்கு வரும். பத்து ஆண்டு தாக்குப் பிடித்தால் ஆட்டம் முடியும். நெல்லைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதை எழுதியவர் யாரோ ஓர் இன்ஜினீயர் என்றுதான் உனக்குச் சொல்லிவந்தேன். போன பெருநாளைக்கு வந்தபோது நீ இணையத்திலிருந்து அச்செடுத்து வந்த தாள்களைப் படித்த பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. அறுபதுகளில் அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியை, பழைய காலத்து ஊர்கள் எப்படிப் பிழைத்தன என்று பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்காக, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியாரோடு சேர்ந்து இதன் மூலத்தைச் செய்திருக்கிறார். தட்டச்சுப் பொறி மாதிரி ஒன்றின் முன்னால் பிள்ளை உட்காரும், பொறி அந்தப் பிள்ளையை அரசனாக்கிக் கேள்வி கேட்கும். அதைப் பற்றிக் கேள்விப்பட்ட வேறொருவர் சின்னக் கம்ப்யூட்டருக்குள் அடங்கும்படி சுருக்கி எழுதினார். இன்னொருவர் அதை வேறு கணினி மொழிக்கு மாற்றிப் புத்தகத்தில் போட்டார். புத்தகத்தைப் பார்த்து யார் யாரோ எங்கெங்கோ தட்டினார்கள், தட்டியவர்கள் தங்களுக்குத் தோன்றியதை மாற்றினார்கள். இதற்கு நடுவில் எங்கேயோ அந்த ஆசிரியையின் பெயர் விழுந்துவிட்டது. "டீச்சர் செஞ்சது அத்தா, பேரு போடாம விட்டுட்டாங்க பாருங்க" என்று நீ கோபப்பட்டாய். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. நான் பார்த்திராத ஒரு சக ஆசிரியையின் பாடத்தைத்தான் நான் இங்கே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி இரண்டாவது. திரையில் தமிழ் எழுத்து வராது. ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். அரசனை மிராசுதார் ஆக்கினேன். கணக்குச் சொல்லும் வேலையாளைக் காரியஸ்தர் ஆக்கினேன். ஏக்கர் மா ஆயிற்று. விளைச்சலைத் தீர்மானிக்கும் எண் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் தானாக விழும். ஐந்து விழுந்தால் கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்தது என்றும், ஒன்று விழுந்தால் மேட்டூர் திறக்கவில்லை என்றும் போட்டேன். கொள்ளைநோய்க்குப் பதில் வெண்ணாற்றில் உடைப்பு. "மிராசுதார் சமூகத்துக்குக் காரியஸ்தர் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது" என்று ஒவ்வோர் ஆண்டும் ஆரம்பிக்கும். நீ அதை ஆங்கில எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்டு உன் சின்னம்மா, சின்னத்தாவின் மனைவி, அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

பட்டினியால் இறந்தவர்கள் என்ற வரியை மட்டும் என்னால் அப்படியே போட முடியவில்லை. சோறு போதாதவர்கள் செத்துப்போவதை நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் அவர்கள் கிளம்பிப் போவதைத்தான். கடல் தாண்டிப் பிழைக்கப் போவதை நம் ஊரில் சபுர் என்கிறோம், போகிறவரைச் சபுராளி என்கிறோம். ஆகவே இறந்தவர்கள் என்பதை எடுத்துவிட்டு, சபுர் போனவர்கள் என்று எழுதினேன். மாற்றியது சொல்லை மட்டும்தான். ஊரின் தொகையிலிருந்து அவர்களைக் கழிக்கிற கணக்கு அப்படியே இருந்தது. ஒரே ஆண்டில் பாதிப்பேருக்கு மேல் போய்விட்டால், ஊரைக் காலி செய்த மிராசுதார் சாவியை வைத்துவிட்டு இறங்கலாம் என்று ஆட்டம் முடிந்துவிடும்.

சில மாதம் போனது. ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நீயே ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கி வைத்திருந்தாய். என் மிராசில் ஒருபோதும் இல்லாத செழிப்பு உன் மிராசில். களஞ்சியத்தில் பதினாயிரம் மூட்டை. ஊரில் ஒன்பது பேர். நிரலை வரிசையாகப் பார்த்தபோது நடுவில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. சபுர் போன ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டிலிருந்து ஐந்து மூட்டை அனுப்புவார்கள் என்று நீயே எழுதிச் சேர்த்திருந்தாய். மிராசுதாரை இறக்குகிற வரியை எடுத்தும் விட்டிருந்தாய்.

"இது தப்பும்மா. எல்லாரையும் அனுப்பிட்டா வயல்ல யாரு எறங்குறது?"

"இப்ப மட்டும் நம்ம தெருவுல யாரு எறங்குறாங்க அத்தா?"

"அப்ப ஊருன்னு ஒண்ணு எதுக்கு?"

"அனுப்புறதுக்கு ஒரு விலாசம் வேணும்ல?"

உன் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "கணக்கு வாத்தியாரு தோத்துட்டாரு" என்றாள். நான் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் உன் வரியை அழிக்கவும் இல்லை.

மூன்றாவது. அந்தக் கம்ப்யூட்டரில் மின்சாரம் போனால் தட்டியதெல்லாம் போய்விடும். ஆகவே நிரலை டேப்ரிகார்டரில் ஒரு கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். போட்டுக் கேட்டால் வெறும் கிறீச்சொலியாக இருக்கும். இன்னொரு விதமான கேசட்டும் நம் வீட்டில் இருந்தது. போன் செய்வதற்கு வழியில்லாத காலம் அது. சபுராளி வீடுகளில் பாதிப்பேர் கடிதத்துக்குப் பதில் குரலைத்தான் அனுப்புவார்கள். ஒரு பக்கத்தில் நாம் பேசி குவைத்துக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால், மறுபக்கத்தில் உன் சின்னத்தா பேசி அடுத்து வருகிறவரிடம் கொடுத்தனுப்புவான். ஒரே கேசட் பலமுறை போய் வரும், பழைய பேச்சின் மேல் புதிய பேச்சு ஏறும். கேசட்டுகளுக்கு நான் எண் எழுதி ஒட்டியிருந்தேன். நாலாம் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் உன் சின்னத்தா கடைசியாகப் பேசி அனுப்பியது இருந்தது. என்ன பேசியிருந்தான் என்பது இப்போது எனக்கு முழுதாக நினைவில்லை. அதன் மேல் நான் ஆட்டத்தைப் பதிந்துவிட்டேன். அவசரத்தில் கேசட் மாறிப்போயிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு குவைத்துக்குள் படை புகுந்தது. நம் தெருவில் எட்டு வீட்டு ஆண்கள் அங்கே இருந்தார்கள். யாருக்கும் தகவல் இல்லை. ரேடியோ இருந்த வீடுகளின் வாசலில் கூட்டம் நின்றது. மூன்றாவது வாரம், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நான் வந்தபோது உன் சின்னம்மா கூடத்தில் டேப்ரிகார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று உன் அம்மாவிடம் கேட்டு நாலாம் கேசட்டை வாங்கியிருக்கிறாள். அழுத்தினாள். கிறீச்சொலி வந்தது. அவள் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். "அக்கா, என்னக்கா இது? அவரு எங்க?" என்று உன் அம்மாவைக் கேட்டாள். நீ அதைக் கேட்டதும் என்ன சத்தம் என்று தெரிந்துகொண்டு, "அது மிராசுதார் ஆட்டம்" என்றாய். கிறீச்சொலி ஓடி முடிந்து, வெறும் இரைச்சல் கொஞ்ச நேரம், அதன் பிறகு அழியாமல் மிஞ்சிய கடைசித் துண்டில் அவன் குரல்: "கேசட்டு முடியப் போவுது. எல்லாருக்கும் சலாம். அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க." அவ்வளவுதான். உன் சின்னம்மா அந்தத் துண்டையே சுற்றிச் சுற்றிப் போட்டுக் கேட்டாள். "கை தவறிப்போச்சு" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் பிழைத்து வந்தது உனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து, பாலைவனம் தாண்டி, அம்மானிலிருந்து விமானத்தில் பம்பாய் வந்து, ஒரு தோள்பையோடு லெட்சுமாங்குடி பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். அவன் வருவதற்கு முன்பே நான் ஆட்டத்தில் இன்னொரு வரி சேர்த்திருந்தேன். பத்தில் ஒரு தடவை, சபுர் போனவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பி வருவார்கள். "இப்படி வரி போட்டா யாரு அத்தா ஆடுவாங்க?" என்று நீ கேட்டாய். அவன் வந்த பிறகு ஒரு நாள் ஆடிப்பார்த்துவிட்டுச் சிரித்தான். "எல்லாம் சரிதாண்ணே. வந்தவன் மறுபடி கெளம்பிப் போறதுக்கு ஒரு வரி போடலியே" என்றான். அடுத்த ஆண்டு துபாய்க்குப் போனான். இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

நான்காவதைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீண்டால் எனக்குத் தாங்காது. நாட்டில் எல்லாம் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதிய காலத்தில் நம் கடைத்தெருவிலும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. குளிர்பதன அறை, கண்ணாடிக் கதவு, செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நீ படிக்கப் போகும்போது நானும் கூடவே வந்து, வெளியே உன் செருப்புக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிளஸ் டூ முடித்ததும் உனக்குச் சென்னையில் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்தது. கூட யார் இருப்பார்கள், ஊரில் என்ன பேசுவார்கள், இரண்டு பஸ் மாறி வர வேண்டுமே என்று நான் ஒரு தாளில் சாதகமும் பாதகமும் எழுதிப் பார்த்து, பாதகம் பதினாறு என்று கணக்கிட்டு, திருச்சியில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. போதும் என்று சொன்னேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, "ஒம்பதாவதும் பதிமூணாவதும் ஒண்ணுதான் அத்தா" என்று மட்டும் சொன்னாய். பிறகு நீயே சுற்றி வளைத்து அதே சென்னைக்கு, அதே வேலைக்குப் போய்ச் சேர்ந்தாய். நான் உனக்கு நாலு வருடம் தூரத்தைக் கூட்டினேன், அவ்வளவுதான். ஆட்டத்திலும் நான் அப்படித்தான். விதைக்கப் பயந்து களஞ்சியத்தில் வைத்திருப்பேன். வைத்திருந்ததை எலி தின்னும். பத்தாவது ஆண்டில் நூறு பேரோடும் ஆயிரம் மாவோடும் ஆரம்பித்த இடத்திலேயே நிற்பேன். அதை ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வேன்.

இவ்வளவு தெரிந்தும் ஐந்தாவதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். என் காரணம் இது. பயத்தால் செய்யும் தவறைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம், நீ செய்துகாட்டியிருக்கிறாய். தூரத்தால் வருவதை அப்படிச் சரிசெய்ய முடியாது. என் தம்பியின் குரல் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அழியவில்லை. அவன் அங்கே, நாம் இங்கே, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கேசட். அதனால்தான் ஒரு கை தவறியதில் எல்லாம் போயிற்று. பக்கத்தில் இருந்திருந்தால் அழிவதற்கு எதுவும் இருந்திருக்காது. ஆகவே நீ...

இங்கே நிறுத்தினேன். எழுத ஆரம்பித்து நாலாவது நாள் அது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது களஞ்சியத்தில் இரண்டாயிரத்து எண்ணூறா, எண்ணூற்றைம்பதா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆட்டத்தின் விவரங்களை எல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மலரில் தப்பான எண் வந்துவிடக் கூடாது. "அந்த நோட்டு பரண்ல பெட்டிக்குள்ளதான இருக்கு. ஏறி எடுங்க, நான் ஸ்டூலப் புடிச்சுக்கிறேன்" என்றாள் உன் அம்மா.

எண்ணூறுதான் சரி. அதே பக்கத்தின் கீழே என் கையெழுத்தில் இன்னொரு குறிப்பு இருந்தது: "கேசட் 4, பக்கம் 2. மூக்கு அடைக்கப்பட்டது. ஆட்டம் பதிந்தாயிற்று. சரிபார்த்தேன்."

மலரைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூக்கு இருக்கும், ஒரு பக்கத்துக்கு ஒன்று. அதை ஒடித்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் யாரும் மறுபடி பதிய முடியாது, பொத்தான் இறங்காது. பதிந்தே ஆக வேண்டுமென்றால் அந்த ஓட்டையை எதையாவது வைத்து அடைக்க வேண்டும். கேசட்டும் அதே பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் மூக்கை என் தம்பி ஒடித்து அனுப்பியிருக்கிறான். அந்த ஓட்டையில் கோடு போட்ட நோட்டுத் தாள், கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி, நாலாக மடித்து, பிசிறில்லாமல் திணிக்கப்பட்டிருந்தது. கைதவறி யாரும் இவ்வளவு நேர்த்தியாகத் தவற முடியாது.

அதன் பிறகு அவன் பேசியது முழுவதும் நினைவுக்கு வந்துவிட்டது. வந்துவிட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை, அது போகவே இல்லை. "அண்ணே, இங்க நம்ம ஆளுங்க புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு வேல காலியா இருக்கு. நான் பேசிட்டேன். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா விசா அனுப்புறாங்க. எத்தன நாளைக்குண்ணே அங்கயே நிப்பீங்க?" எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். உன் அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளுக்கு ஒரு முறை, "அந்தக் கேசட்ட இன்னொரு தரம் போடுங்களேன்" என்பாள். அவள் கேட்பது கேசட்டை அல்ல என்று எனக்குத் தெரியும். போகப் பயமாக இருந்தது. பயம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. இனி போட்டுக் கேட்பதற்கு எதுவும் இல்லாமல் செய்துவிட்டேன். அவன் திரும்பி வந்ததும் முதலில் கேட்டது, "கேசட்டு கெடச்சுதாண்ணே?" என்றுதான். "கெடச்சுது. முழுசாக் கேக்குறதுக்குள்ள அழிஞ்சு போச்சு" என்றேன். "அதுவும் நல்லதாப் போச்சு. வந்திருந்தா நீங்களும்ல மாட்டியிருப்பீங்க" என்றான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை ஆண்டு ஓட்டியிருக்கிறேன். பயந்தது சரிதான் என்று அவனே சொல்லிவிட்டான் அல்லவா. உன் சென்னை இடத்தை வேண்டாம் என்றபோதும் மனதுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை உன் அம்மா பார்த்தாள். ஸ்டூலை விடவில்லை.

"அந்தப் பேப்பர நான் அன்னைக்கே பாத்தேன்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லி? ஒரே வீட்டுல தம்பி பொண்டாட்டியும் நீங்களும் மூஞ்சி பாக்கணும்ல. எறங்குங்க மொதல்ல, விழுந்து வைக்கப் போறீங்க."

நேற்று உன் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனதைப் பார்த்து யாருக்கோ கல்யாணம் என்று நினைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "அந்தக் கடைசித் துண்ட நான் எத்தன தடவ கேட்டேன் தெரியுமா? யோசிக்காதீங்கன்னு உங்ககிட்டத்தான் சொல்றாருன்னு தெரியும். எதப்பத்தின்னுதான் மறந்துபோயிருந்துச்சு" என்றாள். பிறகு, "அவருகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மொதல்ல அவருகிட்டச் சொல்லுங்க. டீயில சக்கர போடலாம்ல?" என்று உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை தம்பியின் போன் வரும். அவனிடம் சொன்ன பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, உனக்கு வந்து சேர்ந்துவிடும்.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: கையெழுத்துப் போடு. எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்த ஊர்க் குளிரை நினைத்தால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, பாதகம் பதினாறுக்கு மேல் வரும் என்று தெரிந்துதான் இந்த முறை எண்ணவில்லை. போனில் பேசு. முடியாத நாளில் எழுது. நான் என்ன பதில் சொன்னாலும் அதில் யோசிச்சுச் சொல்றேன் என்று வந்தால், அம்மாவிடம் ரிசீவரைக் கொடுக்கச் சொல்.

ஐந்தாவது குறிப்பு மூன்றாவதின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஒரு படி தப்பினால் விடையும் நிற்காது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஆனாலும் முதல் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. மலரிலும் அதை எழுதியபடியே போடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவதற்குப் பக்கத்தில் மட்டும், பிள்ளைகளின் நோட்டில் போடுவதுபோல, சிவப்பு மையில் சுழித்து எழுதியிருக்கிறேன். உன் சின்னத்தாவின் குரல் தூரத்தில் இருந்ததால் அழியவில்லை. பக்கத்தில் இருந்த நான் தெரிந்தே அழித்தேன். கைதவறி என்று மூன்றாவது குறிப்பில் எழுதியது தவறு.